ஓடு போக வேண்டிய இடம்

நவம்பர் கடைசி ஞாயிறு. மேரிலாந்தில், அனாபொலிஸ் ஊரை ஒட்டி ஓடும் செவர்ன் ஆற்றில், நண்பர் ஒருவர் வீட்டுப் படகுத்துறையின் நுனியில் மண்டிபோட்டு உட்கார்ந்து நனைந்த கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன். ரப்பர் கையுறையைத் தாண்டிக் குளிர் விரலில் ஏறிவிட்டது. அந்த நேரம் பார்த்து அம்மா அழைத்தாள். கைப்பேசியைப் பலகைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

“என்னடி அங்க தண்ணிச் சத்தம்?”

“ஆளிக் கூண்டைக் கழுவிட்டிருக்கேம்மா.”

“சாப்பிடவா?”

“இல்லம்மா. கொஞ்ச நாள் வளர்த்து மறுபடி ஆத்துலயே விடறதுக்கு.”

அம்மா சற்று நேரம் பேசவில்லை. அப்புறம், “அதை முதல்லயே ஆத்துல விட்டிருக்கலாமே” என்றாள்.

நியாயமான கேள்வி. அன்றைக்குக் கை விறைத்திருந்ததால் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்குள்தான் முழுக் கதையும் இருக்கிறது.

முதலில் கூண்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேரிலாந்து அரசு 2008 முதல் ஒரு திட்டம் நடத்துகிறது. ஆற்றோரம் சொந்தத் துறை வைத்திருப்பவர்கள் பெயர் கொடுத்தால் செப்டம்பர் வாக்கில் சில கம்பிவலைக் கூண்டுகளைத் தருவார்கள். கூண்டுகளைச் செய்து தருபவர்கள் மாநிலச் சிறைகளில் இருக்கும் கைதிகள். ஒவ்வொரு கூண்டிலும் பழைய ஆளி ஓடுகள், ஒவ்வொரு ஓட்டின் மேலும் நகக்கண் அளவில் சில குஞ்சு ஆளிகள். (ஆய்ஸ்டர் என்று உணவகத்தில் எழுதிவைத்திருக்கும் சிப்பியைத்தான் சொல்கிறேன், நம் கடற்கரையில் அதற்கு ஆளி என்ற பெயர் இருக்கும்போது வேறு எதற்கு.) கூண்டு அடிச்சேற்றில் படாமல் கொஞ்சம் மேலே தொங்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தூக்கி, குலுக்கி, படிந்த சேறு போகக் கழுவி, மறுபடி இறக்க வேண்டும். அடுத்த கோடை தொடங்கும்வரை அவ்வளவுதான் வேலை. பிறகு அவற்றைக் கொண்டுபோய், யாரும் அள்ளக் கூடாது என்று தடை போட்ட காப்பிடங்களில் ஆற்றடியில் இறக்குவார்கள். எனக்கு ஆற்றோரம் வீடும் இல்லை, துறையும் இல்லை. நண்பருக்கு முதுகுவலி வந்து குனிய முடியாமல் போனதால் அவருடைய நான்கு கூண்டுகளும் என் பொறுப்புக்கு வந்தன.

முதல் தடவை கூண்டைத் தூக்கிப் பலகைமேல் வைத்தபோது பயந்துவிட்டேன். உள்ளேயிருந்து உயிர்கள் கொட்டின. கட்டைவிரல் நகம் அளவு சேற்று நண்டுகள், உடம்புக்குள் இருப்பதெல்லாம் வெளியே தெரியும் கண்ணாடி இறால்கள், ஓட்டோடு ஓடாக ஒட்டியிருந்த சின்னக் கறுப்பு மட்டிகள், செதிலே இல்லாத விரல்நீள உளுவை ஒன்று. மூன்று வாரம் தண்ணீரில் தொங்கிய ஒரு கம்பிப்பெட்டிக்குள் இத்தனை குடித்தனம். பக்கத்தில், அதே ஆற்றில், அதே ஆழத்தில் ஒரு வாளிச் சேற்றை அள்ளிப் பார்த்தால் அதில் இதில் பாதிகூட இல்லை. அந்த உளுவையைப் பற்றிப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: ஆளி செத்து, இரண்டு ஓடும் பிரியாமல் கிடந்தால் அதற்குள்தான் அது முட்டையிடும், முட்டை பொரியும்வரை ஆண்மீன் உள்ளேயே காவல் இருக்கும். செத்த ஆளியின் ஓடு அதற்குப் பிரசவ அறை.

ஓடு இல்லாவிட்டால் ஆளிக்கே பிரசவம் வீண்தான். கோடையில் தண்ணீர் சூடேறியதும் ஆண் விந்தையும் பெண் முட்டையையும் தண்ணீரிலேயே விடுகின்றன, ஒரு பெண் ஆளி லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில்கூட விடும். (பெரும்பாலான ஆளிகள் ஆணாக வாழ்க்கையைத் தொடங்கிப் பிறகு பெண்ணாக மாறுகின்றன, அதனால் ஆளிகள் கூடி வாழும் திட்டில் பெரிய வயதான ஆளிகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் தாய்களைத்தான் எடுக்கிறோம்.) கருவானது இரண்டு மூன்று வாரம் நீந்தித் திரிகிறது. கடைசியில் ஒரு கண்புள்ளியும் ஒரு பாதமும் முளைக்கின்றன. அந்தப் பாதத்தால் அடித்தரையைத் தடவித் தடவிப் பார்த்து, பிடித்த இடம் கிடைத்ததும் தன்னைத்தானே சிமெண்ட் பூசியதுபோல் ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் சாகும்வரை நகராது. வாழ்நாளில் ஒரே ஒரு முடிவு. அதற்குக் கெட்டியான இடம் வேண்டும், எல்லாவற்றையும்விடப் பிடித்த இடம் இன்னொரு ஆளியின் ஓடு. சேற்றில் இறங்கினால் மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

ஆளி தன் குழந்தைகளுக்கான வீட்டைத் தன் உடம்பாலேயே கட்டுகிற பிராணி. பாட்டி ஓட்டின்மேல் அம்மா, அம்மாவின்மேல் மகள் என்று நூற்றாண்டுக்கணக்கில் ஏறி ஏறித்தான் திட்டு உயர்ந்தது. திட்டு உயரமாக இருந்தால்தான் படியும் சேற்றுக்கு மேலே தலை தெரியும்படி இருக்க முடியும்.

செசபீக் விரிகுடா அப்படித்தான் இருந்தது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஏறக்குறைய 320 கிலோமீட்டர் உள்ளே ஏறிக் கிடக்கும் விரிகுடா இது, ஆனால் ஆழம் சராசரியாக ஆறரை மீட்டருக்கும் குறைவு. 1701-02இல் இந்தப் பக்கம் வந்த பிரான்சிஸ் லூயி மிஷேல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், ஆளிகள் நம்ப முடியாத அளவுக்கு இருக்கின்றன, கப்பல்களே அந்தத் திட்டுகளை விலகித்தான் போக வேண்டியிருக்கிறது என்று எழுதிவைத்தார். கப்பல் தட்டும் அளவுக்கு உயர்ந்த திட்டுகள்! இன்றைக்குப் பல இடங்களில் கழி விட்டுப் பார்த்தால் மெத்தென்று சேறுதான் தட்டுப்படுகிறது.

உள்நாட்டுப் போர் முடிந்த 1865இல் பாய்மரப் படகுக்குப் பின்னால் இரும்புப் பல் வைத்த வாரியைக் கட்டி ஆற்றடியைச் சுரண்டி இழுக்க மேரிலாந்து அனுமதி கொடுத்தது. அதற்கு முன்பு நின்ற படகிலிருந்து நீண்ட கைப்பிடி வைத்த இடுக்கியால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடமே கிரிஸ்ஃபீல்டு என்ற கரையோர ஊருக்கு ரயில் வந்தது. அந்த ஊரின் ஒரு பகுதி நிற்பதே கொட்டிய ஆளி ஓட்டின்மேல்தான். ரயிலும் பால்டிமோர் டப்பா ஆலைகளும் சேர்ந்ததும் பசி எல்லையில்லாமல் போய்விட்டது. வாரி இழுப்பவர்களும் இடுக்கிக்காரர்களும் துப்பாக்கியோடு மோதிக்கொண்டார்கள், அவர்களை அடக்க 1868இல் மேரிலாந்து ஒரு தனி ஆளிக் கடற்படையே வைத்தது. 1884-85 பருவத்தில் மேரிலாந்தில் மட்டும் ஒன்றரைக் கோடி புஷல் ஆளி எடுத்தார்கள். மேரிலாந்தில் ஆளிக்கான ஒரு புஷல் என்பது ஏறத்தாழ 46 லிட்டர் கொள்ளும் கூடை. 2003-04 பருவத்தில் எடுத்தது சுமார் 26,000 புஷல். இந்த இரண்டு எண்ணையும் அடுத்தடுத்து எழுதும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் கை நிற்கிறது.

எல்லாவற்றையும் அறுவடையின் தலையில் கட்டிவிட முடியாது. 1949இல் டெர்மோ என்ற ஒட்டுண்ணி நோயை இங்கே கண்டுபிடித்தார்கள், 1959இல் எம்எஸ்எக்ஸ் என்ற இன்னொன்று வந்தது. மனிதருக்கு ஒன்றும் செய்யாத நோய்கள், ஆளியைக் கொத்துக்கொத்தாகக் கொன்றன. மழை குறைந்து உப்பு ஏறும் வருடங்களில் இவை தலைவிரித்தாடும். நிலத்திலிருந்து வந்த சேறும் உரமும் வேறு. ஆனாலும் என் மனதில் நிற்பது இவை எதுவுமில்லை, ஓட்டைத் திருப்பிப் போடாமல் விட்டதுதான். சதையைத் தின்றோம், சரி. ஓட்டைச் சாலை போட எடுத்தார்கள், ரயில் பாதைக்கு அடியில் கொட்டினார்கள், கோழித் தீவனத்துக்கு அரைத்தார்கள், சுட்டுச் சுண்ணாம்பாக்கி வயலுக்குப் போட்டார்கள். பிராணியை எடுத்தால் அது மறுபடி பிறக்கும். தரையையே எடுத்துக்கொண்டு போனால் பிறந்தது எங்கே உட்காரும்?

இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் உடனே, “நம்ம ஊர்ல சுண்ணாம்புக் காளவாய் இருந்ததே” என்றாள். அம்மாவுக்குப் பிறந்த ஊர் பொன்னேரி. பக்கத்தில் பழவேற்காடு ஏரி. ஏரியின் அடியில் புதைந்து கிடந்த கிளிஞ்சலைத் தோண்டி எடுத்துக் காளவாயில் நீற்றி, பொங்கலுக்கு வெள்ளையடிக்கவும் வெற்றிலைக்குத் தடவவும் அந்தச் சுண்ணாம்புதான் வரும். எனக்கும் நினைவிருக்கிறது, தண்ணீர் ஊற்றியதும் தொட்டியில் சுண்ணாம்பு கொதிக்கும், கிட்டே போனால் பாட்டி அதட்டுவாள். அந்த வெள்ளைச் சுவரெல்லாம் ஒரு காலத்தில் யாரோ குடியிருந்த ஓடு என்று நாற்பது வயதுக்கு மேல் இன்னொரு கண்டத்தில் உட்கார்ந்து யோசிக்கிறேன். நம் கரையில் வளரும் உணவு ஆளிக்கு இங்குள்ள ஆய்வாளர்கள் நெடுங்காலம் வழங்கிவந்த அறிவியல் பெயரிலேயே மெட்ராஸ் இருக்கிறது, கிராசோஸ்டிரியா மெட்ராசென்சிஸ். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1970களில் ஆளி வளர்ப்பை ஆராய்ந்தபோது, குஞ்சுகளைப் பிடிக்கச் சாதாரண வீட்டுக்கூரை ஓட்டில் சுண்ணாம்பு பூசித்தான் தண்ணீரில் வைத்தார்கள். ஆளிக்குஞ்சு அந்தச் சுண்ணாம்பின் மேலும் வந்து ஒட்டிக்கொண்டது.

சரி, செசபீக்குக்கே வருகிறேன்.

முட்டையையும் விந்தையும் மனிதர் கையால் சேர்த்துக் கருவாக்க முடியும் என்பது 1879இலேயே தெரியும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கீத் புரூக்ஸ் கிரிஸ்ஃபீல்டில் அதைச் செய்து காட்டினார், இப்படியே அள்ளினால் எதுவும் மிஞ்சாது என்று எச்சரிக்கவும் செய்தார். கேட்க ஆள் இல்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து இப்போது கேம்பிரிட்ஜ் என்ற ஊரில் இருக்கும் ஹார்ன் பாயிண்ட் ஆய்வகத்தில் அதையே பெரிய அளவில் செய்கிறார்கள். (இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜ் இல்லை, சாப்டாங்க் ஆற்றங்கரைக் கேம்பிரிட்ஜ்.) உணவகங்களிலிருந்து திரும்பி வந்த ஓடுகளை ஏறத்தாழ ஒரு வருடம் வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில் குவித்துப் போடுகிறார்கள். ஒட்டியிருக்கும் சதை அழுகி, கிருமி சாக அவ்வளவு காலம் வேண்டும். பிறகு கழுவி, பெரிய பெரிய தொட்டிகளில் அடுக்கி, ஆற்றுத் தண்ணீர் நிரப்பி, கண்புள்ளி வந்த லார்வாக்களை, அதாவது ஒட்ட இடம் தேடி நீந்தும் பருவத்துக் குஞ்சுகளை, ஊற்றுகிறார்கள். ஒரு காபி வடிகட்டித் தாளில் பல லட்சம் லார்வாக்களை மடித்து வைக்கலாம், ஈரமான மிளகுத்தூள் மாதிரி இருக்கும். சில நாளில் அவை ஓட்டில் ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஓட்டைத்தான் படகில் ஏற்றிக் கொண்டுபோய் ஆற்றில் கொட்டுகிறார்கள். என் கூண்டுக்கு வருவதும் அதில் ஒரு கையளவு.

இந்த முறையில் செய்த பெரிய வேலை ஹாரிஸ் கிரீக். சாப்டாங்க் ஆற்றில் சேரும் ஒரு சின்ன ஓடை அது. அதிபர் ஒபாமா 2009இல் செசபீக்கைக் காக்க ஆணை ஒன்று போட்டார். பிறகு 2014இல் மாநிலங்களும் மத்திய அரசும் சேர்ந்து 2025க்குள் பத்து ஆறுகளில் ஆளித் திட்டுகளை மீட்பது என்று உடன்பாடு செய்துகொண்டன. முதலில் முடிந்தது ஹாரிஸ் கிரீக், 2015இல். ஏறத்தாழ 350 ஏக்கர், 200 கோடிக்கு மேல் குஞ்சுகள். தேறியதா என்று பார்க்க ஒரு கணக்கும் வைத்தார்கள்: திட்டின் பரப்பில் குறைந்தது முப்பது சதவீத இடத்தில் சதுர மீட்டருக்குப் பதினைந்து ஆளியாவது இருக்க வேண்டும், ஐம்பது இருந்தால் இலக்கு எட்டியது. பின்னால் முக்குளித்து எண்ணிப் பார்த்ததில் பெரும்பாலான திட்டுகள் குறைந்தபட்ச அளவைத் தாண்டியிருந்தன. கொட்டிவிட்டுப் போகாமல் வருடக்கணக்கில் திரும்பி வந்து எண்ணிப் பார்த்ததற்காகவே அந்தத் திட்டத்தின்மேல் எனக்கு மரியாதை.

ஆளியைப் பற்றிப் பேசினால் எல்லாரும் முதலில் சொல்வது, ஒரு ஆளி ஒரு நாளில் 50 கேலன், அதாவது 190 லிட்டர் தண்ணீரை வடிகட்டும் என்பது. ஒரு கண்காட்சியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தொட்டி வைத்திருந்தார்கள், இரண்டிலும் ஒரே கலங்கல் ஆற்றுத் தண்ணீர், ஒன்றில் மட்டும் பத்துப் பன்னிரண்டு ஆளிகள். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் அந்தத் தொட்டியின் பின்சுவர் பளிச்சென்று தெரிகிறது. கண்ணால் பார்த்தால் மறக்காது. ஆனால் 190 லிட்டர் என்பது பெரிய ஆளி, நல்ல வெப்பம், எல்லாம் கூடிவந்த நாளின் உச்சக் கணக்கு. ஆற்றில் சராசரி அதைவிட மிகவும் குறைவு, குளிர்காலத்தில் ஆளி வாயை மூடிக்கொண்டு சும்மா கிடக்கும். 1988இல் ரோஜர் நியூவெல் என்ற ஆய்வாளர் போட்ட கணக்கு இன்னும் புகழ்பெற்றது: பெரும் அறுவடைக்கு முன்பிருந்த ஆளிகள் விரிகுடா முழுவதையும் மூன்று முதல் ஆறு நாளில் வடிகட்டியிருக்கும், மிச்சமிருப்பவற்றுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். பிறகு வந்தவர்கள் சிலர் இதில் குறை கண்டார்கள். என்னைக் கேட்டால் ஆளியை வடிகட்டி இயந்திரமாக மட்டும் சொல்வது அதற்குச் செய்யும் அநியாயம். வயலிலிருந்து வரும் உரத்தால் பாசி பெருத்து, அது அழுகி, கோடையில் அடித்தண்ணீரில் பிராணவாயுவே இல்லாமல் போகிறதே, அதை ஆளி மட்டும் சரிசெய்யாது. வயலில் உரத்தைக் குறைத்தாக வேண்டும். ஆளித் திட்டு தருவது இருப்பிடம். கூண்டிலிருந்து கொட்டிய நண்டும் இறாலும் உளுவையும் அதற்குச் சாட்சி.

வாட்டர்மேன் என்று இங்கே சொல்லப்படும் மீனவர்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் தப்பு. தலைமுறை தலைமுறையாகக் குளிர்காலத்தில் ஆளி, கோடையில் நீலநண்டு என்று வாழும் குடும்பங்கள். மேரிலாந்து 2010இல் காப்பிடங்களை விரித்து, மிச்சமிருந்த நல்ல ஆளித்தரையில் 24 சதவீதத்தில் அள்ளத் தடை போட்டது, அதற்கு முன்பு 9 சதவீதம்தான். அப்பா அள்ளிய இடத்தில் மகன் அள்ளக் கூடாது என்றால் கோபம் வரத்தான் செய்யும். ஓடு போதாமல் சில ஆறுகளில் கல்லையும், ஃபுளோரிடாவிலிருந்து ரயிலில் வரவழைத்த பழங்காலத்துப் புதைபடிவ ஓட்டையும் கொட்டியபோது, நண்டுக் கயிறு சிக்கி அறுகிறது, படகின் அடி தட்டுகிறது என்று சண்டை வந்தது. 2016இல் ட்ரெட் ஏவன் ஆற்றில் வேலையை மாநில அரசே கொஞ்ச காலம் நிறுத்திவைத்தது. இந்தச் சண்டையில் நான் காப்பிடத்தின் பக்கம்தான், ஒரு இடத்திலாவது ஆளி கிழவியாக வாழட்டும் என்று நினைக்கிறேன். ஆனால் படகில் போகிறவனுக்குத் தன் ஆற்றடி எப்படி இருக்கும் என்று தெரியும். எங்கே கல்லைக் கொட்டுவது என்று அவனைக் கேட்ட பிறகு கொட்டியிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது.

மற்ற எதையும்விட இன்றைக்குப் பெரிய தட்டுப்பாடு ஓடுதான். மேரிலாந்து 1960 முதல் 2006 வரை விரிகுடாவின் மேற்பகுதியில் புதைந்து கிடந்த பழைய ஓட்டைத் தோண்டி எடுத்துத் திட்டுகளில் போட்டுக்கொண்டிருந்தது, அதுவும் நின்றுபோனது. ஆளி மீட்புக் கூட்டாண்மை என்ற அமைப்பு 2010 முதல் உணவகம் உணவகமாகப் போய் ஓட்டை வாங்கி வருகிறது. அதை நம்பித்தான் குஞ்சுப் பண்ணை ஓடுகிறது. நாங்கள் நண்பர்கள் வீட்டில் கூடி ஆளி சாப்பிட்டாலும் ஓட்டைத் தனிப் பையில் கட்டி, பொதுச் சேகரிப்புத் தொட்டியில் கொண்டுபோய்ப் போடுகிறேன். காரில் இரண்டு நாள் நாற்றம் இருக்கும். இருக்கட்டும்.

இன்னொன்றையும் தெரிந்தேதான் இதைச் செய்கிறேன். செவர்னில் நன்னீர் கலப்பு அதிகம், அதனால் நோய் குறைவு, ஆளி நன்றாகப் பிழைக்கும்; ஆனால் உப்புக் குறைவதால் புதிதாகக் குஞ்சு பிறந்து ஓட்டில் ஒட்டுவது அபூர்வம். நான் வளர்க்கும் ஆளிகள் அங்கே வாழ்ந்துவிட்டுப் பிள்ளையில்லாமல் போகலாம். மழை மிகுந்தால் வாழவும் முடியாது, 2011இல் லீ புயல் கொட்டிய மழையில் விரிகுடாவின் வடகோடி ஆளிகள் நன்னீரில் செத்தன. மாறாக 2023இல் வறட்சியால் உப்பு ஏறி, மேரிலாந்து முழுக்கக் குஞ்சுகள் வழக்கத்தைவிடப் பல மடங்கு ஒட்டின. வானம் எப்படி என்று யாருக்கும் தெரியாது. குஞ்சு தேடிவரும் வருடத்தில் ஒட்டிக்கொள்ள ஓடு கிடக்க வேண்டும், அது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

அம்மா கேட்டதற்குப் பதிலும் இதுதான். முதலிலேயே ஆற்றில் விட்டால் நகக்கண் அளவுக் குஞ்சை நண்டு தின்னும், சேறு மூடும். ஒன்பது மாதம் கூண்டில் இருந்து கொஞ்சம் பெரிதானால் பிழைக்க வழி உண்டு.

ஜூன் மாதம் கூண்டுகளைக் காலி செய்த அன்று அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். செப்டம்பரில் நகக்கண்ணாக வந்தவை இப்போது கட்டைவிரல் அகலம், ஒரு ஓட்டில் ஐந்தாறு ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, ஓரமெல்லாம் கத்திமாதிரி.

“ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கே, பிரிச்சு விடமாட்டீங்களா?”

“பிரிக்கக் கூடாதும்மா. இப்படியே கொத்தாத்தான் போடணும்.”

“வாளியில என்ன துள்ளுது?”

உளுவை. உயிருள்ள ஆளிகளையெல்லாம் கூடையில் எடுத்து வைத்தபின் கூண்டுக்குள் இருந்த குடித்தனம் முழுவதும் வாளிக்கு வந்திருந்தது. செப்டம்பரில் புதுக் குஞ்சு வரும்வரை துறைக்குக் கீழே கூண்டு இருக்காது. செத்துப்போன ஆளிகளின் ஓடுகள் ஒரு ஓரமாகக் கிடந்தன, சிலவற்றில் இரண்டு பக்கமும் பிரியாமல் அப்படியே இருந்தது. அவற்றைப் பொறுக்கி ஒரு கூண்டில் போட்டு, கயிற்றைத் துறைத்தூணில் கட்டி இறக்கினேன். அதன் பக்கத்திலேயே வாளியைக் கவிழ்த்துவிட்டு, அம்மாவிடம் அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி, கூடைகளைக் காரில் ஏற்றப் போனேன்.